பதினைந்து வயது மூப்பரும் ஹவாய் அம்மாவும்



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "டீச்சர், இங்கே வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையோடு வெளிநாட்டுப் பையன்கள் இரண்டு இரண்டு பேராக நடந்து போகிறார்கள். பெயருக்கு முன்னால் 'எல்டர்' என்று போட்டிருக்கிறது. பார்த்தால் இருபது வயதுதான் இருக்கும். யார் இவர்கள்?" பதில் நீளமாகிவிட்டது. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

அவர்கள் மார்மன் மிஷனரிகள். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது அவர்கள் சபையின் முழுப்பெயர். 1830-இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கியது. பைபிளோடு 'மார்மன் புத்தகம்' என்ற நூலையும் வேதமாக வைத்திருப்பதால் ஊர் அவர்களை மார்மன்கள் என்றது. 'எல்டர்' என்றால் மூப்பர். மீசை சரியாக முளைக்காத பையனுக்கு மூப்பர் பட்டம்!

இன்றைய நடைமுறை இது. ஆண்பிள்ளைகள் 18 வயதில் கிளம்பலாம், இரண்டு வருடம். பெண்பிள்ளைகளுக்கு ஒன்றரை வருடம். எந்த நாடு என்பதைச் சபைதான் முடிவு செய்யும். சம்பளம் கிடையாது. செலவைப் பையனோ குடும்பமோ ஏற்க வேண்டும். காலை ஆறரைக்கு எழுந்து, படித்து, மொழி பழகி, பிறகு வீதியில் இறங்க வேண்டும். இரவு பத்தரைக்குப் படுக்கை. கூட்டாளியை விட்டுத் தனியே எங்கும் போகக் கூடாது. காதல் கூடாது. துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத வாரத்தில் ஒரு நாள். 2019 வரை வீட்டாரோடு தொலைபேசியில் பேசுவது வருடத்துக்கு இரண்டே முறைதான், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். இப்படி இன்று உலகம் முழுக்க 70,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. அவர்கள் கொள்கை சரியா தப்பா என்ற வாதத்துக்கும் வரவில்லை. வரலாறு சொல்லிக் கொடுத்த பழக்கத்தில், இந்த வாழ்க்கை ஆரம்ப காலத்தில் எப்படி இருந்தது என்று தேடிப் படித்தேன். அதில் ஒரு பையன் என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் கதையைச் சொல்கிறேன்.

ஜோசப் எஃப். ஸ்மித். 1838 நவம்பரில் பிறந்தவன். சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் இவனுக்குச் சித்தப்பா. 1844 ஜூன் மாதம் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிறைச்சாலைக்குள் கும்பல் புகுந்து, சித்தப்பாவையும் இவன் அப்பா ஹைரமையும் சுட்டுக் கொன்றது. பையனுக்கு அப்போது ஐந்து வயது. விரட்டப்பட்ட மார்மன்கள் மேற்கே பாலைவனத்தைத் தேடிப் போனார்கள். 1848-இல் விதவைத் தாய் மேரி குழந்தைகளோடு கிளம்பினார். ஒன்பது வயதுப் பையன் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு சுமார் 1,600 கிலோமீட்டர் கடந்து இன்றைய யூட்டாவின் சால்ட் லேக் சிட்டிக்கு வந்து சேர்ந்தான். நான்கே வருடத்தில், 1852-இல், அந்தத் தாயும் இறந்துபோனார். பையனுக்கு பதின்மூன்று வயது, தங்கை மார்த்தா ஆனுக்கு பதினொன்று.

பள்ளியில் ஒருநாள் வாத்தியார் தோல் வாரை எடுத்துத் தங்கையை அடிக்கக் கூப்பிட்டார். "அவளை அதால் அடிக்காதீர்கள்" என்று அண்ணன் எழுந்தான். வாத்தியார் அவன் பக்கம் திரும்பினார். கைகலப்பில் வாத்தியார்தான் அடி வாங்கினார். பள்ளிப் படிப்பு அதோடு முடிந்தது. பின்னாளில் அவரே சொன்ன கதை இது. அடுத்து வந்த 1854 ஏப்ரல் சபை மாநாட்டில், ஹவாய்த் தீவுகளுக்குப் போகும் மிஷனரிகள் பட்டியலில் இவன் பெயரையும் வாசித்தார்கள். வயது பதினைந்து.

வகுப்பில் கை ஓங்கும் பையன்களைப் பார்த்தவுடன் 'இவன் தேறமாட்டான்' என்று எழுதிவிடும் வழக்கம் நம் தொழிலில் உண்டு. அந்தக் கையை ஓங்க வைத்தது எது என்று கேட்பவர்கள் குறைவு. இந்தப் பையனிடம் இருந்தது தாயில்லாத பிள்ளையின் கோபம். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை. கடல் தாண்டி அனுப்பினார்கள்.

அனுப்பினார்கள் என்றால் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அல்ல. குதிரையில் கலிபோர்னியா வரை போய், அங்கே மலைக்காட்டில் கூரை ஓடுகளுக்கு மரம் அறுக்கும் வேலை செய்து, கப்பல் கூலி சேர்த்தான். 1854 செப்டம்பர் கடைசியில் ஹொனலுலுவில் இறங்கினான்.

ஹவாய் அப்போது அமெரிக்காவின் பகுதி இல்லை. தனி ராஜ்யம், தனி அரசர். 1820-லிருந்தே பாஸ்டன் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் அங்கே வேரூன்றி, மொழிக்கு எழுத்து அமைத்து, பள்ளிக்கூடங்கள் திறந்து, செய்தித்தாள்கூட அச்சிட்டிருந்தார்கள். மக்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழியில் வாசிக்கத் தெரியும். ஆனால் கப்பல்களில் வந்த நோய்கள் ஜனத்தொகையை அழித்துக்கொண்டிருந்தன. 1853-இல் வந்த பெரியம்மை பல ஆயிரம் பேரைக் கொண்டுபோனது. அந்த வருடக் கணக்கெடுப்பில் தீவுகள் எல்லாவற்றிலும் சேர்த்து 73,000 பேர்தான். சாவு நடமாடிய வீடுகள் நிறைந்த நாட்டுக்குத்தான் பையன் போய் இறங்கினான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவனுக்கு நான்கு வருடம் முன்பே, 1850 டிசம்பரில், முதல் மார்மன் குழு பத்துப் பேராக வந்திருந்தது. வெள்ளைக்காரர்களிடம் பேசலாம் என்று வந்தவர்கள். கேட்க ஆள் இல்லை. குழுவில் பாதிப் பேர் சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார்கள். ஜார்ஜ் க்யூ. கேனன் என்ற 23 வயது இளைஞர் மட்டும், 'இந்த மண்ணின் மக்களிடம் அவர்கள் மொழியில் பேசுவோம்' என்று பிடிவாதமாக நின்றார். அவரும் கூட்டாளிகளும் மவுயி தீவின் லஹைனா ஊரில் தங்க இடமில்லாமல் தவித்தபோது, நலிமனூயி என்ற ஹவாய்ப் பெண் தன் வீட்டை அவர்களுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முன்பின் தெரியாத, மொழி தெரியாத, வேறு மதத்து இளைஞர்களுக்கு!

பிறகு வைலுக்கு ஊரில் கேனனுக்கு ஜோனதன் நபேலா கிடைத்தார். லஹைனாலூனா பள்ளியில் படித்தவர், உள்ளூர் நீதிபதி. இவர்களை ஆதரித்ததால் அவருடைய வேலைக்கே நெருக்கடி வந்தது. கேனனுக்குத் துணையிருந்து மார்மன் புத்தகத்தை ஹவாய் மொழியாக்க உதவியவர் அவர். அது 1855-இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானது. புதிதாக வரும் இளைஞர்களுக்கு மொழி கற்றுத் தரவும் நபேலா முன்வந்தார். கற்பிக்க வந்தவர்களுக்கு முதல் வாத்தியார் உள்ளூர்க்காரர்!

ஹவாய் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சுக்கென்று அப்போது அமைத்த எழுத்துகள் மொத்தம் பன்னிரண்டு. உயிர் ஐந்து, மெய் ஏழு. நமக்கு உயிரெழுத்தே பன்னிரண்டு! சொற்கள் எல்லாம் உயிரொலியில்தான் முடியும். 'ஜோசப்' அவர்கள் நாவில் 'இயோசேபா' ஆனது, நம் தமிழ் பைபிளில் 'யோசேப்பு' ஆனதுபோல. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

இயோசேபாவை மவுயி தீவின் கூலா என்ற மலைப்பகுதிக்கு அனுப்பினார்கள். கூட வந்தவர்கள் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். பையனுக்குக் கடும் காய்ச்சல். பேச மொழி இல்லை, கையில் காசு இல்லை, பெற்றவர்கள் இல்லை. அப்போது ஒரு ஹவாய்ப் பெண் அவனைத் தன் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார். மா மஹுஹீ என்று பெயர். பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக் குணமாக்கினார்.

மொழி அங்கேதான் வந்தது. சுமார் நூறு நாளில் ஹவாய் மொழியில் பேசவும் ஜெபிக்கவும் பிரசங்கிக்கவும் தொடங்கிவிட்டான். சபையார் இதை தேவ வரம் என்பார்கள். இருக்கட்டும். நான் வாத்தியார் கண்ணோடு பார்க்கிறேன். பசித்தால் அந்த மொழியில்தான் கேட்க வேண்டும். வலித்தாலும் அந்த மொழியில்தான் சொல்ல வேண்டும். பதில் சொல்ல அன்பான ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். குழந்தை தாய்மொழியைக் கற்பதும் இப்படித்தானே? மூன்று வருட ஆங்கில வகுப்பில் வராதது துபாய் போன மூன்று மாதத்தில் வந்துவிட்டது என்று உங்களில் எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்!

அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். தங்குவது புல் வேய்ந்த வீடுகளில். தரையில் பாய்தான் படுக்கை. முக்கிய உணவு 'போய்'. நம்ம சேப்பங்கிழங்கேதான்! அதை வேகவைத்து, கல்லால் இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஓரிரு நாள் புளிக்க விடுவார்கள். கூழ் பதத்தை விரல் கணக்கில் சொல்வார்கள். கெட்டியாக இருந்தால் ஒரு விரலால் எடுக்கலாம், தளர்வாக இருந்தால் இரண்டு விரல், மூன்று விரல். எல்லோரும் ஒரே பாத்திரத்தில் விரல் விட்டுச் சாப்பிடுவார்கள். அச்சகத்தில் வேலை பார்த்திருந்த கேனனுக்கு, முதல்முறை அதன் வாசனை புத்தகம் பைண்டு செய்யும் பழைய புளித்த பசையை ஞாபகப்படுத்தியதாம். இது ருசிக்க வேண்டும் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டு சாப்பிட்டாராம். நீராகாரமும் கூழும் குடித்து வளர்ந்த நமக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். ரொட்டியும் மாட்டிறைச்சியும் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய சோதனை.

பயணம் கால்நடையாக. எரிமலைக் கல் பரவிய பாதையில் ஊர் ஊராக நடக்க வேண்டும், தீவுக்குத் தீவு சிறு கப்பலிலும் படகிலும் போக வேண்டும். போகிற ஊரில் யாராவது சோறு போட்டால் சாப்பாடு, யாராவது இடம் கொடுத்தால் தூக்கம். பணப்பை இல்லாமல் புறப்படுவதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். துணிக்கும் பஞ்சம்தான். ஒரு சமயம் இவனுக்கும் கூட்டாளிக்கும் சேர்த்து வெளியே போட்டுக்கொள்ளத் தகுந்த உடுப்பு ஒன்றே ஒன்று. ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனால், மற்றவர் அவர் திரும்பும் வரை வீட்டிலேயே இருக்க வேண்டும்.

லானாய் தீவில் சபை மக்களுக்காக ஒரு குடியிருப்பு தொடங்கியிருந்தார்கள். அங்கே சாமான்கள் வைத்திருந்த வீடு தீப்பிடித்ததில் இயோசேபாவின் துணிமணி, புத்தகங்கள், எழுதி வைத்த நாட்குறிப்புகள் எல்லாம் போயின. தப்பிய நாட்குறிப்புகள் பிற்காலத்தில் நூலாக வந்திருக்கின்றன. அதில் தெரிவது மகான் இல்லை. அழுக்கு, பூச்சி, சோம்பல் என்று உள்ளூர் மக்களைக் கடிந்து எழுதியிருக்கிறார். சேர்ந்தவர்கள் விலகிப் போனால் கோபப்படுகிறார். வெள்ளைக்காரப் பார்வை அவரிடமும் இருந்தது. அவர்கள் வீட்டிலேயே படுத்து, அவர்கள் சோற்றையே சாப்பிட்டுக்கொண்டுதான் அதை எழுதினார். பதினேழு வயதுக்குள் பல ஊர்ச் சபைகளின் பொறுப்பையும் தலையில் வைத்துவிட்டார்கள். பொறுப்பும் பசியும் தனிமையும் சேர்ந்தால் யாருக்கும் வாய் கசக்கும். அதற்காக அந்த வரிகளை நாம் அழித்துவிடவும் முடியாது.

ஆறுதல், கடிதங்கள். தங்கை மார்த்தா ஆனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். படி, ஒழுங்காக இரு என்று அப்பா ஸ்தானத்தில் புத்தி சொல்வார். அதே கடிதத்தில் அவருடைய எழுத்துப் பிழைகளும் இருக்கும்! ஒரு கடிதம் போய்ச் சேரவே மாதக் கணக்கில் ஆகும். தபால் கப்பல் வந்தும் தனக்குக் கடிதம் இல்லை என்றால் அந்தப் பிள்ளையின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! 1857-இல், பதினாறு வயதுகூட நிறையாத தங்கைக்கு அங்கே கல்யாணம் முடிந்துவிட்டது. யாருக்காக வாத்தியாரை எதிர்த்து நின்றாரோ, அவள் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதே வருடம், அமெரிக்கப் படை யூட்டாவை நோக்கி வந்ததால், வெளிநாட்டு மிஷனரிகளைத் திரும்பச் சொன்னார்கள். அக்டோபரில் கப்பல் ஏறி, 1858 பிப்ரவரியில் வீடு சேர்ந்தார். வயது பத்தொன்பது.

இந்த இடத்தில் நம் ஊர்ச் செய்தி ஒன்று. அதே காலத்தில், 1853-இல், மெட்ராஸுக்கும் மார்மன் மிஷனரிகள் மூவர் வந்தார்கள். ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ். இவர்களில் பாலன்டைன், சால்ட் லேக் சிட்டியில் 1849-இல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். இங்கே அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் ஐரோப்பியர்களிடமே பேசினார்கள். சில வருடங்களில் அந்த முயற்சி அடங்கிவிட்டது. ஹவாயில் நிலைத்ததும் இங்கே நிலைக்காததும் ஏன் என்பதற்குக் காரணங்கள் பல இருக்கும். என் கண்ணுக்கு முதலில் படுவது, அங்கே மக்கள் வீட்டுக்குள் போய் அவர்கள் மொழியைக் கற்றார்கள், இங்கே அது நடக்கவில்லை என்பதுதான்.

சரி, நம் பையன் என்ன ஆனார்? 1901-இல் அந்தச் சபைக்கே உலகத் தலைவரானார். 1918-இல் சாகும் வரை அந்தப் பதவியில் இருந்தார். இடையில் பல முறை ஹவாய் போனார். ஒரு தடவை, 1885 முதல் 1887 வரை, போனது தலைமறைவாக. அக்காலத்தில் அவர்களிடம் பலதார மணம் இருந்தது, அதை எதிர்த்த அமெரிக்கச் சட்டத்தில் மாட்டாமல் இருக்கத் தப்பிப் போனார். அப்போதும் இடம் கொடுத்தது ஹவாய்தான்.

தலைவராகி, தாடி நரைத்த பிறகு ஒருமுறை ஹவாய் வந்தார். துறைமுகத்தில் மாலைகளோடு கூட்டம். அந்தக் கூட்டத்தில் சுமார் தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர், கண் பார்வை போனவர், கையில் கொஞ்சம் வாழைப்பழத்தோடு "இயோசேபா, இயோசேபா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். மா மஹுஹீ! தலைவர் கூட்டத்தை விட்டு ஓடிப்போய், "அம்மா, அம்மா" என்று கட்டிப்பிடித்து முத்தமிட்டார். நான் காய்ச்சலில் கேட்பாரற்றுக் கிடந்தபோது தாயாக இருந்தவர் இவர் என்று, பக்கத்தில் நின்ற நண்பரிடம் கண்ணீரோடு சொன்னார். நேரில் பார்த்த அந்த நண்பர் எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. ஐம்பது வருடம் கழித்து வரும் பிள்ளைக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று பழம் கொண்டுபோன தாயை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

கதையை இத்துடன் முடித்தால் அழகாக இருக்கும். வரலாறு அப்படி விடுவதில்லை.

மொழி கற்றுக்கொடுத்த நபேலாவின் மனைவி கிட்டிக்குத் தொழுநோய் வந்தது. நோயாளிகளை மொலோகாய் தீவின் கலவுபாப்பாவில் ஒதுக்கிவைப்பது அன்றைய சட்டம். 1873-இல் நோயில்லாத நபேலா, மனைவியோடு தானும் அங்கே போனார். நாம் படித்திருக்கிறோமே, தந்தை டேமியன், அவர் சேவை செய்த அதே இடம். இருவரும் வேறு வேறு சபை, ஆனாலும் நண்பர்கள். நபேலாவுக்கும் நோய் தொற்றி, 1879-இல் அங்கேயே இறந்தார். சில நாளில் கிட்டியும் போய்ச் சேர்ந்தார்.

இன்னொன்று. ஹவாய் மார்மன்கள் பலர் சால்ட் லேக் சிட்டிக்கு அருகில் வாழ ஆசைப்பட்டுக் கடல் தாண்டி வந்தார்கள். நலிமனூயியின் ஊர்க்காரர்கள், மா மஹுஹீயின் ஊர்க்காரர்கள். வந்த இடத்தில் வேலை கிடைப்பது கஷ்டம், நிறத்தால் ஒதுக்கல், தொழுநோய் பயம் வேறு. 1889-இல் சபை அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு அமைத்துக் கொடுத்தது. எங்கே? நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, 'மண்டையோட்டுப் பள்ளத்தாக்கு' என்ற பெயருள்ள வறண்ட பாலைவனத்தில். கடல்காற்றில் வளர்ந்த ஜனங்கள், கோடையில் தீயும் பனிக்காலத்தில் உறையும் மண்ணில் மரம் நட்டு, வாய்க்கால் வெட்டி, பிள்ளைகளைப் புதைத்து, வாழ்ந்து பார்த்தார்கள். ஹவாயில் லயேயே ஊரில் கோயில் கட்டுவதற்கான இடத்தை 1915-இல் இயோசேபாவே அர்ப்பணம் செய்தார். அதன் பிறகு பெரும்பாலோர் தாய்மண்ணுக்குத் திரும்ப, 1917-இல் குடியிருப்பு காலியானது. கல்லறைகள் மட்டும் இன்றும் இருக்கின்றன.

அந்தப் பாலைவனக் குடியிருப்புக்கு வைத்த பெயர் 'இயோசேபா'. நம் பையனின் பெயர்தான்.

அவருக்கு நன்றி இல்லை என்று சொல்லமாட்டேன். துறைமுகத்தில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்த மனசு உண்மையானது. ஆனால் காய்ச்சலோடு வந்த அந்நியப் பிள்ளைக்கு அவர்கள் தந்தது வீட்டுக்குள் இடம். பதிலுக்கு அவர்கள் வந்தபோது கிடைத்தது ஊருக்கு வெளியே இடம். ஒருவரிடம் காட்டும் நன்றியை அவருடைய இனத்துக்கே காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிகிறது. நம் ஊருக்கு வேலை தேடி வரும் வடமாநிலப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு வீடு தர யோசிக்கும்போது, இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளும் எங்கோ ஒரு ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். மார்க் கிடையாது. நீங்கள் புது ஊரில் போய் இறங்கிய முதல் மாதத்தில், காய்ச்சலில் கஞ்சி கொடுத்தவர், பேச்சு கற்றுக் கொடுத்தவர், படுக்க இடம் கொடுத்தவர் யார்? அவர் ஊரையும், என்ன செய்தார் என்பதையும் கருத்துப் பகுதியில் இரண்டு வரி எழுதுங்கள். அவர் எண் கையில் இருந்தால், எழுதுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்